சாணி வண்டுக்காக நின்ற பந்தயம்

கொடிவேலங்காட்டுக் குளக்கரையில் ஒருநாள் காலை, மயில் அழகேசன் பாறைமேல் ஏறித் தோகையை விரித்தார்.

"எல்லாரும் கேளுங்க! நாலு காட்டு ஓட்டப் பந்தயம் இந்த வருஷம் நம்ம காட்டுலதான்! நெடும்பொட்டல்லதான் ஓட்டம்! ஏழு நாள் விழா!"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சந்தோஷத்தில் புரை ஏறிவிட்டது. முயல்கள் குதித்தன. குரங்குகள் கிளைகளை உலுக்கின. தவளைகள் தொண்டை கட்டும்வரை கத்தித் தீர்த்தன.

அழகேசனை விழாக் கமிட்டித் தலைவராக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தோகை பெரிதாக இருந்ததால் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அப்படி வழிவிட்டு வழிவிட்டே அவர் தலைவராகிவிட்டார்.

அவ்வளவு ஆரவாரத்திலும் தலை நிமிராமல் வேலை பார்த்தவள் ஒருத்திதான். சாணி வண்டு கருப்பாயி. அவள் குளக்கரையில் காட்டெருமை போட்ட ஈரச் சாணத்தை எடுத்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த உருண்டையில்தான் அவள் முட்டையிட வேண்டும். முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அந்தச் சாணமே வீடு, அதுவே சோறு. ஆனால் உருண்டை ஈரமாக இருக்கும்போதே மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். வெயிலில் காய்ந்தால் கல்தான். குளக்கரைப் பக்கமோ ஒரே பாறை. தோண்டக்கூடிய செம்மண் மேடு நெடும்பொட்டலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சாணம் இந்தப் பக்கம், மண் அந்தப் பக்கம், நடுவில் பொட்டல். சாணி வண்டுகளின் பிழைப்பே அந்தப் பொட்டலைக் குறுக்கே கடப்பதுதான்.

கடப்பதற்கும் ஒரு முறை உண்டு. உருண்டைமேல் ஏறிச் சூரியனைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். திசை பிடிபட்டதும் இறங்கி, தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் தள்ளுவார்கள். பிறகு நேர்கோடுதான். கல் வந்தால் கல்மேல் ஏறுவார்கள், குழி வந்தால் குழியில் இறங்கி ஏறுவார்கள். சுற்றிப் போகிற பேச்சே கிடையாது. சுற்றினால் திசை தப்பும், நேரம் போகும், உருண்டை காயும்.

கருப்பாயியின் வயிற்றில் முட்டை முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நாள் தாங்கும். அதற்குள் மண்ணில் இறக்காவிட்டால் இந்தப் பருவத்துக்குப் பிள்ளையே இல்லை.

அறிவிப்பு வந்த மறுநாளே கமிட்டியின் உத்தரவுகள் வரத் தொடங்கின. விருந்தாளிகள் பகலில் கண்ணயர்வார்களாம், அதனால் தவளைகள் குளத்தைவிட்டுத் தொலைவில் இருக்கும் ஓடைக்குப் போக வேண்டுமாம். முயல் வளைகள் இருக்கும் மேட்டின்மேல்தான் பார்வையாளர் உட்காரும் இடம் அமைகிறதாம், அதனால் முயல்கள் பின்வாசலைப் பயன்படுத்த வேண்டுமாம்.

"எங்க வளைக்குப் பின்வாசலே கிடையாதே!" என்றது ஒரு முயல்.

"அப்ப தோண்டிக்கோ! ஏழு நாள்தானே!" என்றார் அழகேசன்.

ஏழு நாள்தானே, ஏழு நாள்தானே என்று எல்லாரும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். விழா என்று வந்தால் எல்லாப் பாரமும் சின்னவர்கள் தலையில்தான் விழும்.

கருப்பாயி அன்று காலை உருண்டையைத் தள்ளிக்கொண்டு பொட்டலின் ஓரத்துக்கு வந்தாள். பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்ததால் உருண்டை எதிலோ மோதிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். நேற்றுவரை வெறும் வெளியாக இருந்த இடத்தில் முள்வேலி நின்றது. வேலியின் அடியில் எறும்புகூட நுழையாதபடி களிமண் பூசியிருந்தார்கள். காவலுக்கு உடும்பு வீரபத்திரன் படுத்திருந்தான்.

"அண்ணே, வழி விடுங்க. அந்தப் பக்கம் போகணும்!"

"வழி அடைச்சாச்சு. ஓட்டப் பாதைக்குள்ள உள்ளூர்க்காரங்க வரக்கூடாதுன்னு உத்தரவு!"

"நான் ஓட வரலண்ணே. குறுக்கே போய்க்கிறேன்."

"குறுக்கேயும் கிடையாது. மாத்துப் பாதை இருக்குல்ல? குளத்தைச் சுத்தி, கரட்டைச் சுத்தி, மூங்கில் காட்டு வழியாப் போ. மானெல்லாம் ஒரு நாழிகையில போயிருச்சு!"

"மானுக்கு ஒரு நாழிகை. எனக்கு மூணு நாள். அதுக்குள்ள உருண்டை காஞ்சுபோகுமே!"

"அது எனக்குத் தெரியாது. என்னைப் படுக்கச் சொன்னாங்க, படுத்திருக்கேன்."

உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்! வீரபத்திரன் நகரவில்லை. கருப்பாயியும் நகரவில்லை. வண்டுக்கு இறக்கை உண்டுதான். ஆனால் உருண்டையைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது. அவள் உருண்டையின் நிழல் பக்கம் நின்று, யாராவது மனசு மாறுவார்களா என்று காத்திருந்தாள். உச்சி வெயில் வந்தது. உருண்டையின் மேல்தோல் வெடித்தது. சாயங்காலம் தொட்டுப் பார்த்தாள். கல்லாகிவிட்டது.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அழகேசனைத் தேடிப் போனாள்.

அழகேசன் குளத்தில் தன் நிழலைப் பார்த்துத் தோகையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"தலைவரே, வேலியில ஒரு சின்னச் சந்து விடுங்க. உருண்டை போற அளவுக்குப் போதும்."

"எந்த உருண்டை?"

"சாணி உருண்டை."

அழகேசன் இரண்டு எட்டுப் பின்னால் போனார். "சாணியா! நாலு காடும் பார்க்குற இடத்துல சாணி உருட்டிக்கிட்டுக் குறுக்கே போவியா? நம்ம காட்டு மானம் என்ன ஆகும்?"

"அதுதாங்க எங்க பிழைப்பு."

"இந்த ஏழு நாளைக்கு அந்தப் பிழைப்பு வேண்டாம்! நீ கேட்டதும் நல்லதாப் போச்சு, இல்லேன்னா மறந்திருப்பேன். நாளைக்குக் காலையில விருந்தாளிங்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி வண்டுங்க எல்லாரும் கரட்டுக்குப் பின்னாடி போயிருங்க. ஒருத்தர்கூட என் கண்ணுல படக்கூடாது!"

கருப்பாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு பெரிய தோகைக்கு இவ்வளவு சின்னத் தலையா என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

"நாளைக்கு எத்தனை விருந்தாளிங்க தலைவரே?"

"முப்பது யானை! இருநூறு காட்டெருமை! மான் கூட்டம் கணக்கே இல்ல!"

"எல்லாரும் நல்லாச் சாப்பிடுவாங்களா?"

"வயிறு முட்டச் சாப்பிடுவாங்க! விருந்துன்னா சும்மாவா!"

"சரிங்க. அப்ப நாங்க எல்லாரும் போயிடறோம். ஒருத்தர் மிஞ்ச மாட்டோம். பிறகு ஏன் போனீங்கன்னு கேட்கக்கூடாது."

"அதைத்தானே நானும் சொல்றேன்! போ, போ!"

பாறைக் குன்றான அந்தக் கரட்டுக்குப் பின்னால் வண்டுகள் எல்லாம் கூடின. ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அவர்களில் நூறு பேர் முட்டைக்காரிகள். சோலையப்பன் என்ற கிழட்டு வண்டு கையைப் பிசைந்தது.

"பெரிய இடத்தைப் பகைச்சுக்க வேண்டாம்மா கருப்பாயி. நாலு பேரு வேலிக்கடியில பூசின களிமண்ணைக் குடைஞ்சு ஒளிஞ்சு ஒளிஞ்சு போயிடலாம்."

"நாலு பேரு போகலாம் மாமா. மீதிப் பேரு? நம்ம பாட்டன் பூட்டன் நடந்த வழியில நாம ஏன் ஒளிஞ்சு போகணும்? அவரு போகச் சொன்னாரு, போயிட்டோம். வரச் சொல்றவரைக்கும் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஒரு துளிச் சாணியைக்கூடத் தொடக்கூடாது!"

"அவரு கூப்பிடாமலே இருந்துட்டா?"

 கருப்பாயிக்கும் அந்தப் பயம் இருந்தது. வயிற்றுக்குள் முட்டை கனத்தது. "கூப்பிடுவாரு," என்றாள்.

மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். கொட்டுமுழக்கம் என்ன, மாலை மரியாதை என்ன! யானைகளுக்கு மூங்கில் குருத்து. காட்டெருமைகளுக்கு இளம்புல். ஓட வந்த கலைமான்களுக்கு அறுகம்புல். கமிட்டி உபசரித்த உபசரிப்பில் எல்லாருக்கும் வயிறு முட்டியது. வயிறு முட்டினால் பிறகு நடக்க வேண்டியதும் நடந்தது.

முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் அழகேசன் பாறையிலிருந்து இறங்கினார். எங்கே கால் வைத்தாலும் சாணம்! குளக்கரையில் சாணம், பார்வையாளர் மேட்டில் சாணம், ஓட்டப் பாதையில் யானை போட்ட லத்தி குட்டிக் குன்றுகளாக வரிசை கட்டியிருந்தது. அவருடைய தோகை தரையில் இழுபட்டு வந்தது. எதில் இழுபட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மத்தியானம் ஈக்கள் வந்தன. கூட்டம் கூட்டமாக வந்தன.

"தவளைங்களைக் கூப்பிடுங்க! ஈயைப் பிடிச்சுத் திங்கட்டும்!" என்று கத்தினார் அழகேசன்.

"தவளைங்களைத்தான் ஓடைக்கு அனுப்பிட்டீங்களே தலைவரே!" என்றான் வீரபத்திரன்.

"அப்ப குரங்குங்க அள்ளிப் போடட்டும்!"

குரங்குகள் ஆளுக்கு ஒரு கை அள்ளின. அள்ளியதைத் தூரப் போடாமல் ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடின. இரண்டு வீச்சு காட்டெருமைகள்மேல் விழுந்தது. பெரிய சண்டையாகும் போல இருந்தது. அழகேசன் ஓடிப்போய் நடுவில் நின்று மூன்றாவது வீச்சைத் தாமே வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் முன்னோட்டம். பக்கத்துக் காட்டுக் கலைமான், நாலு வருஷமாகத் தோற்காதவன், பாய்ந்து வந்தான். நடுப்பாதையில் ஈரச் சாணத்தில் கால் வைத்தான். நாலு காலும் நாலு திசைக்குப் போயின! பொட்டலில் பாதி தூரம் வயிற்றாலேயே வழுக்கிப் போய் முள்வேலியில் செருகிக்கொண்டான்.

விருந்தாளி யானைக் கூட்டத்துக்குத் தலைவி ஒரு கிழட்டு யானை. அவள் துதிக்கையால் மூக்கைப் பொத்திக்கொள்ளப் பார்த்தாள். துதிக்கையே மூக்கு என்பதால் முடியவில்லை. எரிச்சலோடு எழுந்தாள்.

"மயிலு! எங்க காட்டுல இத்தனை யானை இருந்தும் இப்படி நாத்தம் கிடையாது. இங்க சாணி வண்டே இல்லையா?"

"இருக்காங்க... விழாவுக்காக... தள்ளி வச்சிருக்கோம்."

"யாரை?"

"வண்டுங்களை."

யானை துதிக்கையைத் தரையில் அடித்தாள். "கல்யாணச் சந்தடியில தாலி கட்ட மறந்த கதையால்ல இருக்கு! நாளைக்குக் காலைக்குள்ள இடம் சுத்தமாகலேன்னா நாங்க கிளம்புறோம். எங்களோட எல்லாக் காடும் கிளம்பும்!"

அழகேசன் அப்போதே கரட்டுக்குப் பின்னால் ஓடினார். பறந்தார் என்று சொல்லலாம், ஆனால் தோகை கனத்துப்போயிருந்தது.

கருப்பாயி ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். உருண்டை காய்ந்த நாளிலிருந்து இது மூன்றாவது நாள். நாளைக்குள் முட்டையை இறக்கியாக வேண்டும். காலையிலிருந்து வலி வந்து வந்து போனது. அதை முகத்தில் காட்டாமல் இருந்தாள்.

"வாம்மா கருப்பாயி! உன்னைக் கையோட கூட்டிட்டுப் போக வந்தேன்!" அழகேசனின் குரலில் தேன் சொட்டியது. "பந்தயத்தைப் பார்க்க வண்டுங்களுக்கு முன்வரிசை! உனக்கு மாலை! 'காட்டின் தூய்மைச் செல்வி'ன்னு பட்டம்! வந்து கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடுங்க!"

"மாலை என்னைவிடப் பெரிசா இருக்கும் தலைவரே, உள்ள விழுந்து செத்துருவேன். எங்களுக்கு வழிதான் வேணும்."

"வழிதானே? உனக்கு இப்பவே திறந்துவிடறேன். புதுசா ஒரு உருண்டை பிடிச்சு நீ கொண்டுபோ!"

 கருப்பாயியின் ஒரு தலையசைப்புப் போதும். இன்றைக்கே செம்மண் மேட்டில் முட்டையை இறக்கிவிடலாம். வயிறு சரி என்று சொல்லச் சொன்னது. பக்கத்தில் நின்ற முட்டைக்காரிகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்கு மட்டும்னா வேண்டாம்," என்றாள். "வண்டுங்க எல்லாருக்கும் வழி. வேலியில நாங்க நடக்குற இடத்துல சந்து. விழா முடியற வரைக்கும் அந்தச் சந்தை யாரும் அடைக்கக்கூடாது. தவளைங்க குளத்துக்குத் திரும்பணும். முயல் வாசல்ல உட்கார்ந்திருக்கறவங்க எந்திரிக்கணும்."

"சரி, சரி! அவ்வளவுதானே?"

"இன்னொண்ணு. வண்டு குறுக்கே போறப்ப ஓட்டம் நிக்கணும்."

அழகேசனின் கொண்டை நட்டுக்கொண்டது. "என்னது! நாலு காடும் பார்க்குற பந்தயத்தை ஒரு வண்டுக்காக நிறுத்துறதா?"

"ஒரு பந்தயத்துக்காக நீங்க ஒரு ஊரையே நிறுத்தலையா தலைவரே?"

 எங்கிருந்தோ ஒரு ஈ வந்து அழகேசனின் அலகின்மேல் உட்கார்ந்தது. அவர் தலையை உதறினார். ஈ மறுபடி வந்து அங்கேயே உட்கார்ந்தது.

"நிறுத்தறோம்," என்றார்.

"நாலு காட்டுக்காரங்க முன்னாடியும் சொல்லணும்."

"சொல்றேன்!"

அன்று சாயங்காலமே பாறைமேல் ஏறி நின்று சொன்னார். இந்தத் தடவை தோகையை விரிக்கவில்லை. அது இருந்த லட்சணத்துக்கு விரிக்கவும் முடியாது.

சொல்லி முடித்ததும் வண்டுகள் இறங்கின. சில உருட்டின, சில இழுத்தன. சில செம்மண் மேட்டில் தோண்டிப் புதைத்தன. ஆயிரம் பேரும் ஒரே மூச்சாக வேலை செய்தார்கள். கருப்பாயியும் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஓட்டப் பாதையில் நின்று வேலை வாங்கினாள். தவளைகள் திரும்பி வந்து ஈக்களை ஒரு கை பார்த்தன. விடிந்தபோது பொட்டல் பெருக்கி வைத்த வாசல் மாதிரி இருந்தது.

பெரிய பந்தயம் தொடங்கும் நேரம் வந்தது. எட்டுக் கலைமான்கள் கோட்டில் நின்றன. நாலு காட்டுக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஓடச் சொல்லிக் குரல் கொடுப்பதற்காக அழகேசன் கழுத்தை நீட்டினார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினான் வீரபத்திரன். "வண்டு வருது!"

வேலிச் சந்து வழியாகப் புதிதாகப் பிடித்த ஒரு சாணி உருண்டை மெதுவாக உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் தலைகீழாகக் கருப்பாயி. மற்ற முட்டைக்காரிகளை விடியற்காலையிலேயே அனுப்பிவிட்டுக் கடைசியாக அவள் வந்தாள். அவளுக்கு இனிமேல் நாளை என்று ஒன்று கிடையாது.

கலைமான்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றன. காட்டெருமைகள் பெருமூச்சு விட்டன. கருப்பாயி தள்ளினாள். நடுப்பாதையில் ஒரு ஆழமான குளம்புத் தடம். உருண்டை அதற்குள் விழுந்தது. ஏற்றினாள், சறுக்கியது. மறுபடி ஏற்றினாள், மறுபடி சறுக்கியது. 

முந்தின நாள் வழுக்கி விழுந்த கலைமான் முன்னால் வந்தான். "அக்கா, மூக்கால ஒரு தள்ளுத் தள்ளிவிடட்டுமா?"

"தொடாதே தம்பி! நீ தள்ளினா உருண்டை உடைஞ்சு போயிரும். தள்ளி நில்லு, அது போதும்!"

அவன் தள்ளி நின்றான். கூட்டத்தில் யாரோ, "விடாதே கருப்பாயி!" என்று கூவினார்கள். குரங்குகள் கைதட்டத் தொடங்கின.

"கத்தாதீங்கப்பா! இங்க வேலை நடக்குது!" என்றாள் கருப்பாயி.

பொட்டல் அமைதியானது. அவள் குழியின் ஓரத்து மண்ணைக் காலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தாள். சரித்த மண்ணின்மேல் உருண்டையை அங்குலம் அங்குலமாக ஏற்றினாள். மூன்றாவது தடவை உருண்டை மேலே வந்துவிட்டது. மூச்சு வாங்கக்கூட நிற்காமல் நேராகத் தள்ளிக்கொண்டு போனாள். எதிர்ப்பக்கச் சந்தைத் தாண்டினாள். செம்மண் மேட்டில் தோண்டினாள். உருண்டையோடு மண்ணுக்குள் இறங்கினாள்.

அதற்குப் பிறகுதான் அழகேசன் குரல் கொடுத்தார். கலைமான்கள் பாய்ந்தன. பூமி அதிர்ந்தது.

மண்ணுக்கடியில், ஈரமான உருண்டையின் நடுவில், கருப்பாயி தன் முட்டையை இட்டுச் சுற்றிலும் பூசி மூடினாள். வலி நின்றது. மேலே யாரோ ஜெயித்தார்கள். யாரென்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

ஊர்க்காரர்களின் வழியை அடைத்து நடத்தும் திருவிழா எவ்வளவு பெரியதானாலும், கடைசியில் அந்த ஊர்க்காரர்களிடமே வழி கேட்டு வந்து நிற்கும்.